ஐரோப்பாவில் ரயிலேறித் தனியாகச் சுற்றும்போது நண்பர்கள் கிடைப்பார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகில் ஒரு பை, போனில் ஒரு ரயில் பாஸ் (ஒரே சீட்டில் பல நாட்டு வண்டிகளில் ஏறலாம்), இவற்றோடு ஐரோப்பா கிளம்பும் நம்மாட்கள் இப்போது நிறையப் பேர். டிக்கெட், விசா பற்றித் தேடினால் தகவல் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் வயிற்றைக் கலக்கும் கேள்வி வேறு: மூன்று வாரமும் யாரோடும் பேசாமலே சுற்றிவிட்டு வந்துவிடுவேனோ? இதைச் சுற்றி என்னிடம் பலரும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் கீழே.

தனியாகப் போனால் நிஜமாகவே நண்பர்கள் கிடைப்பார்களா?

கிடைப்பார்கள். சொல்லப்போனால் தனியாகப் போகிறவருக்குத்தான் அதிகம் கிடைப்பார்கள். நான்கு பேராகப் போனால் உங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு, உங்களுக்குள்ளேயே சாப்பிட்டு, உங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடுவீர்கள். தனியாள் என்றால் பக்கத்தில் வந்து உட்காரவும் "சாப்பிடப் போகிறோம், வருகிறாயா" என்று கேட்கவும் யாருக்கும் தயக்கம் இருக்காது.

ஆனால் நேரம் வேண்டும். பத்து நாளில் எட்டு நகரம் என்று திட்டம் போட்டு வருகிறவர்கள்தான் "யாரும் பேசவில்லை" என்று குறைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை முதல் நாள் பேச்சு பெயரோடும் ஊரோடும் முடிந்துவிடும். மறுநாள் காலை ஹாஸ்டலில் (பயணிகள் அறையையும் சமையலறையையும் பகிர்ந்து தங்கும் விடுதி) அதே சமையலறையில் அதே முகத்தைப் பார்க்கும்போதுதான் "நேற்று சொன்ன கோட்டைக்குப் போனாயா, எப்படி இருந்தது" என்று அடுத்த வார்த்தை வரும். அன்று சாயங்காலம் சேர்ந்து வெளியே போவீர்கள், மூன்றாம் நாள் பிரிய மனம் வராது. ஆகவே ஓர் ஊரில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். பார்க்க வேண்டிய இடங்களில் பாதியை விட்டாலும் பரவாயில்லை.

எந்த வழியில் போனால் ஆட்கள் அதிகம் சிக்குவார்கள்?

முதல் தடவை என்றால் பெர்லின், டிரெஸ்டன், பிராக், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் வரிசையைத்தான் சொல்வேன். கோடையில் பையோடு திரிகிறவர்களில் பெரும் பங்கு இந்தப் பாதையில் ஏதோ ஒரு திசையில் போய்க்கொண்டிருக்கும். பிராகில் ஒரே அறையில் படுத்தவரைப் புடாபெஸ்டில் வெந்நீர்க் குளத்தில் மறுபடி பார்ப்பது இங்கே சாதாரணம். தூரமும் அளவானது: பெர்லினிலிருந்து பிராக் நாலு, நாலரை மணி நேரம், அதில் டிரெஸ்டன் தாண்டியதும் எல்பே ஆற்றை ஒட்டியே வண்டி போகும். பிராகிலிருந்து வியன்னா சுமார் நாலு மணி, அங்கிருந்து புடாபெஸ்ட் மூன்று மணிக்கும் குறைவு.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். பாஸ் வைத்திருப்பவர்கள் இந்தப் பாதையின் பகல் வண்டிகளில் முன்பதிவு இல்லாமலே ஏறலாம். பிரான்சின் டிஜிவி, ஸ்பெயினின் அதிவேக வண்டிகள், இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா போன்றவற்றில் பாஸ் இருந்தாலும் தனியாகக் காசு கட்டி இருக்கை பதிவு செய்தாக வேண்டும். "நாளைக்கு நாங்கள் செஸ்கி க்ரும்லோவ் போகிறோம், நீயும் வாயேன்" என்று ராத்திரி பத்து மணிக்கு யாராவது கேட்டால் சரி என்று சொல்ல முடிய வேண்டும். அதற்குத்தான் பாஸ்.

எந்த பாஸ்? யூரெயிலா, இன்டர்ரெயிலா?

நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர்களுக்கு யூரெயில். ஜெர்மனியில் படித்துக்கொண்டு அங்கேயே வசிப்பவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும். யூரெயில் 1959இலும் இன்டர்ரெயில் 1972இலும் தொடங்கின. இன்டர்ரெயில் ஆரம்பத்தில் 21 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது, இப்போது எந்த வயதினரும் வாங்கலாம், 27 வரை இளைஞர் சலுகை உண்டு. இரண்டும் 33 நாடுகளில் செல்லும்.

மூன்று வாரத்துக்கு, ஒரு மாதத்தில் ஏழு பயண நாட்கள் என்ற வகை போதும். ஒரு பயண நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை, அதற்குள் எத்தனை வண்டி வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ராத்திரி வண்டிக்குக் கிளம்புகிற நாள் மட்டும்தான் கணக்கு.

ரயிலில் எங்கே உட்கார்ந்தால் பேச்சு வரும்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் ஹாஸ்டலைத்தான் நினைக்கிறார்கள், வண்டியை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் எங்கே உட்காரக் கூடாது என்று பாருங்கள். ஜெர்மனியின் ஐசிஇ வண்டிகளிலும் ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட்டிலும் அமைதிப் பகுதி என்று தனியாக ஒரு பகுதி உண்டு, வாயில் விரல் வைத்த படம் ஒட்டியிருக்கும். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு பேச்சுக் கொடுத்தால் பக்கத்துக்காரர் முகம் சுளிப்பது நியாயம்தான்.

செக், ஹங்கேரி, போலந்து பக்கம் ஓடும் சில வண்டிகளில் இன்னும் ஆறு இருக்கை கொண்ட தனி அறைகள் இருக்கின்றன. கண்ணாடிக் கதவு, எதிரெதிரே மூன்று மூன்று இருக்கை, ஜன்னலுக்குக் கீழே சின்னதாக ஒரு பலகை. கதவைத் திறந்ததும் உள்ளே இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நுழைவது அங்கே வழக்கம், இறங்கும்போதும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். செக்கில் "தோப்ரீ தென்" என்று சொன்னால் போதும். பிராகிலிருந்து ப்ர்னோ போகும்போது அப்படி ஓர் அறையில் எதிரே இருந்த பாட்டிக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை வராது. நான் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னதுதான் தாமதம், பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, நீல ப்ளம் பழங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அறையில் இருந்த எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். மூலையில் போனுக்குள் தலையை விட்டிருந்த கல்லூரிப் பெண் மொழிபெயர்த்தாள். அந்தப் பெண்ணோடு ப்ர்னோவில் இறங்கிக் காபி குடித்தேன், இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது டைனிங் கார். செக் வண்டிகளிலும் போலந்து வண்டிகளிலும் நிஜமாகவே சமைத்துப் போடுகிற சாப்பாட்டுப் பெட்டி உண்டு, விலையும் பயமுறுத்தாது. கூட்டம் சேர்ந்துவிட்டால் தெரியாதவர் மேசையிலேயே இடம் கேட்டு உட்கார வேண்டியிருக்கும். அதுதான் வாய்ப்பு. ஒரு சூப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம்.

அப்புறம் ராத்திரி வண்டி. ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட்டில் கூஷெட் என்ற படுக்கை அறையில் இடம் எடுத்தால் நம் ஊர் ஸ்லீப்பர் போலவேதான்: பக்கத்துக்கு மூன்று, ஆக ஆறு படுக்கை. எப்போது படுக்கையை விரிப்பது, யாருக்கு எந்தத் தட்டு, யார் அதிகாலையில் இறங்குகிறார்கள் என்று பேசித்தானே ஆக வேண்டும்? காலையில் பணியாளர் எழுப்பி, ரொட்டியும் வெண்ணெயும் ஜாமும் காபியும் கொண்டுவருவார். அரைத் தூக்கத்தில் ஆறு பேரும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் அந்நியராக இருப்பதில்லை. 2023 கடைசியிலிருந்து ஓடும் புது வண்டிகளில் தனியாள் படுக்க மூடிக்கொள்ளும் சின்னப் பெட்டிகளும் உண்டு. தூக்கம்தான் முக்கியம் என்றால் அதை எடுங்கள், பழகத்தான் போகிறீர்கள் என்றால் ஆறு படுக்கை அறையை எடுங்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது?

கேட்கக் காரணம் உள்ள ஒன்றைக் கேளுங்கள். இந்த இருக்கை காலியா, அடுத்த நிறுத்தம் எது, இந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஆறு தெரியுமா. ஜெர்மனியில் இன்னும் சுலபம், வண்டி தாமதமாகும். 2024இல் அந்த நாட்டின் நெடுந்தூர வண்டிகளில் 100க்கு 62 போலத்தான் நேரத்துக்கு வந்தன. இணைப்பு வண்டியைத் தவறவிட்ட ஐந்து பேர் ஒரு பிளாட்பாரத்தில் நின்றால் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

"எந்த ஊர்" என்பதோடு நிறுத்தினால் பேச்சு செத்துவிடும். "இன்றைக்கு எங்கிருந்து கிளம்பினீர்கள், அங்கே எதை இன்னொரு தடவை பார்ப்பீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள், கையோடு அடுத்த ஊருக்கு யோசனையும் கிடைக்கும். சம்பளம், கல்யாணம், மதம் மூன்றையும் அவர்களாக எடுக்கும்வரை எடுக்காதீர்கள். காதில் ஹெட்போன் இருந்தாலோ இரண்டு தடவை ஒற்றை வார்த்தையில் பதில் வந்தாலோ விட்டுவிடுங்கள். அது உங்கள் மேல் உள்ள வெறுப்பு இல்லை, அவர் களைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

என் இங்கிலீஷ் சுமார்தான், பரவாயில்லையா?

பரவாயில்லை. எதிரே இருக்கும் இத்தாலியருக்கும் போலந்துக்காரருக்கும் அது பள்ளியில் படித்த மொழிதான். நம் பிரச்சினை இலக்கணம் இல்லை, வேகம். கொஞ்சம் மெதுவாகப் பேசினால் தீர்ந்தது.

எப்படிப்பட்ட ஹாஸ்டலில் தங்குவது?

நல்ல சமையலறை உள்ளதில். மற்றதெல்லாம் அதற்கப்புறம். இந்த ஹாஸ்டல் ஏற்பாட்டையே தொடங்கிவைத்தவர் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளை நடைப்பயணம் கூட்டிப்போனபோது ராத்திரி தங்க இடம் இல்லாமல் திண்டாடி, 1912இல் ஆல்டேனா என்ற ஊரின் கோட்டையில் நிரந்தரமான முதல் விடுதியை அமைத்தார். அந்தக் கோட்டை விடுதியை இன்றும் பார்க்கலாம்.

இருநூறு, முந்நூறு படுக்கை உள்ள பெரிய ஹாஸ்டலில் வரவேற்பு மேசை விமான நிலையம் மாதிரி இருக்கும், யாரும் யாரையும் கவனிக்கமாட்டார்கள். நாற்பது ஐம்பது படுக்கை உள்ள சின்ன இடம், நீளமான ஒரு பொது மேசை, வாரத்தில் ஒரு நாளாவது எல்லோருக்கும் சேர்த்துச் சமைக்கும் வழக்கம், இதெல்லாம் இருக்கிறதா என்று விமர்சனங்களில் தேடிப் பாருங்கள். ஹாஸ்டல்வேர்ல்ட் செயலியில் முன்பதிவு செய்தால் அதே நாட்களில் அதே ஊருக்கு வருகிறவர்களோடு முன்கூட்டியே அரட்டையடிக்கும் வசதியும் உண்டு.

பகிர்ந்து தங்கும் அறையில் நடந்துகொள்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியற்காலை வண்டி என்றால் பையை முந்தின ராத்திரியே கட்டிவையுங்கள், ஐந்து மணிக்கு பிளாஸ்டிக் கவரைச் சரசரவென்று உருட்டுகிறவரை யாரும் மன்னிப்பதில்லை. அம்மாவோடு வீடியோ காலா, வெளியே வராந்தாவுக்குப் போங்கள், ஸ்பீக்கரில் போடாதீர்கள். பூட்டு, துண்டு, ரப்பர் செருப்பு மூன்றும் கையோடு இருக்கட்டும்.

நான் சைவம். சாப்பாட்டு விஷயத்தில் ஒதுங்கிப் போய்விடுவேனா?

ஒதுங்கவே வேண்டாம், சமையலறையில் நீங்கள்தான் நடுநாயகம். கொஞ்சம் கடுகு, மஞ்சள் தூள், பெருங்காயம், வரமிளகாய், ஒரு கை கடலைப்பருப்பு, இவ்வளவு கொண்டுபோனால் எலுமிச்சையும் அரிசியும் எந்தக் கடையிலும் கிடைக்கும். எண்ணெயில் கடுகு வெடிக்க ஆரம்பித்ததும் அடுத்த அடுப்பில் பாஸ்தா வேகவைத்துக்கொண்டிருப்பவர் திரும்பிப் பார்ப்பார். "இது என்ன?" என்று அவராகவே கேட்பார். இரண்டு பேருக்குக் கூடவே வடித்துவிடுங்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவையுங்கள். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் ஞாயிறும் திறந்திருக்கும்.

ஊரிலிருந்து தின்பண்டம் எடுத்துப்போனால் பால்கோவா, நெய் வேண்டாம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருட்களையும் இறைச்சியையும் கொண்டுவரத் தடை இருக்கிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் நீட்டுவதற்கு முன்னால் "நிலக்கடலை ஒத்துக்கொள்ளுமா" என்று கண்டிப்பாகக் கேளுங்கள். அங்கே கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள், சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. இதே காரணத்துக்காக, சமைத்ததில் என்னென்ன போட்டீர்கள் என்பதையும் பரிமாறும் முன் சொல்லிவிடுங்கள்.

குடிக்கமாட்டேன் என்றால் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். "நான் குடிப்பதில்லை, ஆனால் கூட வருகிறேன்" என்று ஒரே தடவை சொன்னால் போதும், விளக்கம் கேட்பவர் அபூர்வம். ஜெர்மன் பேசும் ஊர்களில் ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே எல்லா இடத்திலும் கிடைக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். கூட்டமாகக் குடிக்கப் போவதே வேலையாக உள்ள ஹாஸ்டலை மட்டும் முதலிலேயே தவிர்த்துவிடுங்கள்.

காசைப் பங்கிடுவது எப்படி?

அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுப்பார்கள். பில் வரும்போதே சேர்த்தா தனித்தனியா என்று பணியாளர் கேட்பார். நம் வழக்கப்படி "நான் கொடுக்கிறேன்" என்று பாய்ந்து பில்லைப் பிடுங்கினால் எதிரே இருப்பவருக்கு அது கடன் மாதிரி உறுத்தும். ஒரு காபி வாங்கிக் கொடுங்கள், அடுத்ததை அவர் வாங்குவார், அந்த அளவு சரி.

சேர்ந்து செலவழித்தால் எல்லோருக்கும் லாபம் என்ற இடமும் இருக்கிறது. ஜெர்மனியில் பவேரியா மாநிலத்துக்கு பயர்ன் டிக்கெட் என்று ஒன்று உண்டு. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்க உள்ளூர் வண்டிகளில் போகலாம், வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கு மேல். ஆள் சேரச் சேரத் தலைக்கு விலை இறங்கும். மியூனிக்கில் சாயங்காலம் பொது மேசையில் "நாளைக்கு நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு, ஃபூசென் வரை ரயிலில் போகிறேன், யார் வருகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று ஒரு நாள் முழுக்க ஐந்து பேரும் சேர்ந்திருப்பீர்கள். எல்லோர் பெயரையும் டிக்கெட்டில் எழுத வேண்டும், அதை மறக்காதீர்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள், நிறையப் பேர். ஹாஸ்டல்களில் பெண்களுக்கு மட்டுமான அறைகள் உண்டு, நைட்ஜெட்டிலும் பெண்கள் மட்டும் இருக்கும் படுக்கை அறை கேட்டு வாங்கலாம். அங்கே ஆரம்பிக்கும் பழக்கம்தான் பெரும்பாலும் நீடிக்கிறது என்று தோழிகள் சொல்கிறார்கள். புதிதாகப் பழகியவரோடு வெளியே போகும்போது எங்கே, யாரோடு என்பதை வீட்டிலோ ஹாஸ்டல் வரவேற்பிலோ ஒருவருக்குச் சொல்லிவைப்பது, முதல் சந்திப்பைப் பொது இடத்தில் வைப்பது, நள்ளிரவில் இறங்கும் வண்டியைத் தவிர்ப்பது, இவை மூன்றும் போதுமான கவனம். மனசுக்குச் சரியில்லை என்று பட்டால் மரியாதைக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம். எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடுங்கள், யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

யாரை நம்பக் கூடாது?

அவசரப்படுகிறவரை. பாரிஸில் சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டுப் பக்கம் உங்கள் மணிக்கட்டில் நூல் கட்டி "நட்புக்கு" என்பார்கள், கட்டி முடித்ததும் காசு கேட்பார்கள். மனுவில் கையெழுத்துக் கேட்டு நெருக்கிக்கொண்டு நிற்பவர்கள், டிக்கெட் இயந்திரத்தில் உதவுகிறேன் என்று தானாக வருபவர்கள், எல்லோரும் இதே ரகம். நல்ல நட்புக்கு அவசரம் கிடையாது. பாஸ்போர்ட்டும் ஒரு கார்டும் எப்போதும் உடம்போடு இருக்கட்டும், எவ்வளவு பழகிய நண்பரானாலும் அவரிடம் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போக வேண்டாம்.

நிறத்தைப் பார்த்து ஒதுக்குவார்களா?

சில இடங்களில் நடக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. வண்டிக்குள் போலீஸ் ஏறும்போது நம் நிறத்தவரிடம் முதலில் வருவதை நீங்களே பார்ப்பீர்கள், கோபம் வரும், வரத்தான் வேண்டும். அசல் பாஸ்போர்ட்டைக் கையெட்டும் இடத்தில் வைத்திருங்கள், காட்டிவிட்டுப் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சக பயணிதான் உங்களைவிட அதிகம் சங்கடப்படுவார். பையோடு சுற்றுகிறவர்கள் நடுவில் இந்த ஒதுக்கல் குறைவு என்பதை மனதாரச் சொல்கிறேன்.

வயது முப்பத்தைந்துக்கு மேல். இதெல்லாம் எனக்கு ஆகுமா?

ஆகும். சில ஹாஸ்டல்களில் வயது வரம்பு உண்டு, பதிவு செய்யும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அலையலையாக வருவார்கள். 2018இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் டிஸ்கவர்இயூ என்ற திட்டத்தில் அந்த வயதினரில் பலருக்குப் பயண பாஸை இலவசமாகவே கொடுக்கிறது. அவர்களோடு பழகுவதும் சுகம்தான், ஆனால் உங்கள் வயதுக்காரர்கள் வேண்டுமென்றால் மே, ஜூன், செப்டம்பரில் போங்கள், தனி அறையும் பொதுச் சமையலறையும் உள்ள ஹாஸ்டலாகப் பாருங்கள்.

அங்கே தமிழர்களைப் பார்க்கலாமா?

பாரிஸில் கார் து நோர் நிலையத்தில் இறங்கி வடக்கே சில நிமிடம் நடந்தால் லா ஷாப்பேல். கொத்துரொட்டி, இடியப்பம், வடை, தமிழில் எழுதிய கடைப்பலகைகள். அந்தப் பக்கத்து மாணிக்க விநாயகர் கோயில் தேர் கோடைக் கடைசியில் அந்தத் தெருக்களில் வரும்போது பாரிஸே திரண்டு பார்க்கும். ஜெர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் எழுந்தது. அதன் தேர்த் திருவிழாவுக்குப் பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் போருக்குத் தப்பி வந்த ஈழத்துக் குடும்பங்கள். "எப்படி வந்தீங்க, எந்த வருஷம்" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள். மிச்சத்தை அவர்களுக்குத் தோன்றினால் சொல்வார்கள்.

புது நண்பர்களோடு திட்டத்தை மாற்றினால் விசா இடிக்காதா?

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்குள் நாளையும் ஊரையும் கொஞ்சம் மாற்றிக்கொள்வது சாதாரணம். எந்த நாட்டில் அதிக இரவு தங்குவதாகச் சொல்லி விசா வாங்கினீர்களோ, அங்கேயே அதிக இரவு தங்குங்கள், விசாவில் அச்சிட்ட நாட்களைத் தாண்டாதீர்கள். கவனம் வேண்டியது வேறொன்றில்: செர்பியா, மான்டினீக்ரோ, பிரிட்டன் மூன்றிலும் ரயில் பாஸ் செல்லும், ஆனால் மூன்றும் ஷெங்கனுக்கு வெளியே. செர்பியாவின் பெல்கிரேடிலிருந்து மான்டினீக்ரோவின் பார் என்ற துறைமுகம் வரை மலைகளைக் குடைந்து போகும் 476 கிலோமீட்டர் பாதைக்கு யாராவது கூப்பிட்டால் ஆசை வரும், அவ்வளவு அழகு. ஒற்றை நுழைவு விசா என்றால் போய்விட்டுத் திரும்ப உள்ளே வர முடியாது. விண்ணப்பிக்கும்போதே பல நுழைவு கேளுங்கள். ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியிலிருந்து முழுதாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டன, அங்கே தாராளமாகப் போகலாம்.

சேர்ந்து போனபின் ஒத்துவரவில்லை என்றால்?

"இரண்டு நாள் நான் தனியாகச் சுற்றுகிறேன், வியன்னாவில் பார்க்கலாம்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பையோடு திரிகிறவர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதே இல்லை. பொய்க்காரணம் சொல்லிவிட்டு அடுத்த ஊர் ஸ்டேஷனில் எதிரே நிற்பதுதான் சங்கடம்.

எந்த மாதத்தில் போவது?

மே கடைசியிலிருந்து ஜூன் வரை, இல்லையென்றால் செப்டம்பர். ஆட்களும் இருப்பார்கள், மூச்சுவிட இடமும் இருக்கும். செப்டம்பர் பிற்பாதியில் மியூனிக்கின் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் தொடங்கிவிடும், அப்போது மியூனிக்கில் படுக்கை விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அந்த வாரங்களில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் தங்கிக்கொண்டு பகலில் மியூனிக் போய்வாருங்கள், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான். பயர்ன் டிக்கெட் சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும், ஆகவே அங்கேயும் ஐந்து பேர் சேர்க்கலாம்.